புல்லில் ஏற்றிய கனம்

1539 மே மாதம் ஃப்ளோரிடாக் கரையில் இறங்கிய எர்னாண்டோ தெ சோட்டோவின் ஸ்பானியப் படையிடம் குதிரை இருந்தது, எஃகு வாள் இருந்தது, இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய கவசச் சட்டை இருந்தது. எதிரே நின்ற பழங்குடிகளிடம் இருந்தவை மர வில்லும் புல்லில் செய்த அம்பும். அந்தப் படையோடு நடந்த போர்ச்சுகீசியர் ஒருவர், எல்வாஸ் ஊர்க்காரர் என்பதைத் தவிரத் தன் பெயரைச் சொல்லாதவர், 1557-இல் எவோரா நகரில் அச்சான தன் நூலில் அந்த அம்புகளைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். நாணல் போன்ற ஒரு தண்டில் செய்தவை, மிகவும் கனமானவை என்கிறார். தனி முனை எதுவும் கட்டாமல் கூராகச் சீவிய தண்டே கேடயத்தைத் துளைத்ததாம். மீன் முள்ளையோ கல்லையோ முனையாகக் கட்டிய அம்புகளும் இருந்தன. அவை கவசத்தில் பட்டால் கட்டுப்போட்ட இடத்தில் ஒடிந்துவிடும். வெறும் தண்டு அப்படியில்லை. பிளந்து சிம்பு சிம்பாகி வளையங்களின் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். அந்தக் காயமே மோசமானது என்று அவர் பதிந்திருக்கிறார்.

அதே படையெடுப்பைப் பற்றி, அதில் கலந்துகொண்டு மீண்டவர்களிடம் கேட்டு எழுதியவர் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா. 1605-இல் லிஸ்பனில் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு சோதனை வருகிறது. விலை உயர்ந்த கவசச் சட்டை ஒன்றைக் கூடையின் மேல் போர்த்தி, சிறைப்பட்ட வில்லாளி ஒருவனிடம் எய்யச் சொன்னார்கள். அம்பு துளைத்துப் போனது. அதன்மேல் இன்னொரு கவசத்தையும் போர்த்தினார்கள். இரண்டையும் துளைத்தது. பிறகு ஸ்பானியர்கள் இரும்பை நம்புவதை விட்டுவிட்டு, தடித்த மெத்தைச் சட்டைக்கு மாறினார்கள் என்கிறது அந்த நூல்.

இதில் என்னை நிறுத்தியது எல்வாஸ்காரர் சொன்ன ‘கனமானவை’ என்ற சொல்தான். நடுவில் ஓட்டையாக வளரும் ஒரு புல்லில் கனம் எங்கிருந்து வந்தது? அந்தக் கனத்தை அவர்கள் ஏன் விரும்பினார்கள்? லேசான அம்பு இன்னும் விரைவாகப் பறக்குமே?

முதலில் அந்தப் புல். ‘கேன்’ என்றால் நமக்குப் பிரம்பு நாற்காலிதான் நினைவுக்கு வரும். பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி, உள்ளே கெட்டியானது. அமெரிக்கத் தென்கிழக்கின் ‘ரிவர் கேன்’ அதுவல்ல. அது மூங்கில். அருண்டினேரியா ஜைஜான்டியா என்பது அறிவியல் பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டு மண்ணுக்கே உரிய மூங்கில்கள் மிகச் சில. அவற்றில் பெரியது இது. ஆற்றோர வண்டல் நிலத்தில் மனிதர் நுழைய முடியாத அடர்த்தியில் காடாக வளரும். செரோக்கி, சாக்டா, சிக்கசா, க்ரீக் ஆகிய பழங்குடி மக்களின் வாழ்க்கையே இதைச் சுற்றி இருந்தது. கூடையும் பாயும் இதில் முடைந்தார்கள், சுவருக்குப் படல் இதில் கட்டினார்கள், அணில் அடிக்கும் ஊதுகுழலை இதில் செய்தார்கள். மான் வேட்டை அம்பும் இதுதான்.

மூங்கில் ஏன் அம்புக்கு ஏற்றது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். வட்டமான தண்டு ஒன்றின் நடுவில், அதன் குறுக்களவில் சரிபாதி அகலத்துக்குத் துளையிட்டுப் பொருளை எடுத்துவிடுங்கள். எடையில் கால்பங்கு போய்விடும். விறைப்பில் குறைவது 6 சதவீதம்தான். வளைவதை எதிர்ப்பதில் நடுப்பகுதிக்குப் பங்கு மிகக் குறைவு, வேலையெல்லாம் ஓரத்துக்கு. மூங்கில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் வலிமையான நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும் உள்ளே போகப் போகத் தளர்வாகவும் அமைந்திருக்கின்றன. எங்கே தேவையோ அங்கேதான் பலத்தை வைத்திருக்கிறது. அம்பு செய்பவர் கணுக்களின் மேட்டை மட்டும் தேய்த்துவிட்டு மற்ற இடத்தில் தோலைத் தொடாமல் விடுவது இதனால்தான். மர அம்பில் செதுக்குவதுதான் கலை. மூங்கிலில் கலை தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

அந்தத் தேர்வு குளிர்காலத்தில் நடக்கும். தண்டில் அப்போது ஈரம் குறைவு. மூங்கில் தண்டு ஒரே பருவத்தில் தன் முழு உயரத்தையும் முழுப் பருமனையும் எட்டிவிடும். அதற்குப் பிறகு ஒரு நூல் அளவும் பருக்காது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் அது செய்வதெல்லாம் முற்றுவது, அதாவது சுவரில் லிக்னின் என்ற பொருள் ஏற ஏற இறுகுவது. முதல் ஆண்டுத் தண்டு பார்க்கப் பளபளப்பாக, நேராக, ஆசை காட்டும். கணுக்களில் உறை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது இளசு. வெட்டிக் காயவைத்தால் சுருங்கிச் சுருக்கம் விழும். முற்றியதைத் தேடி, சுண்டுவிரல் பருமனில், கணுவிடை நீண்டதாக, கீழ்ப்பகுதியில் கிளை வெடிக்காததாகப் பார்த்து வெட்ட வேண்டும். அடர்ந்த புதரின் நடுவில் நிற்பவைதாம் நல்லவை. வெளிச்சத்துக்காக நேராக மேலே ஏறியிருக்கும், கீழே கிளைவிட நேரமிருந்திருக்காது.

வெட்டியதைக் கற்றையாகக் கட்டி நிழலில் வாரக்கணக்கில் வைத்தால் பச்சை மாறி வைக்கோல் நிறம் வரும். பிறகு நெருப்புக்குக் காட்டி நிமிர்த்த வேண்டும். சூடு ஏறும்போது லிக்னின் இளகும். வளைந்த கணுவைக் கனலின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டி, கைபொறுக்கும் சூட்டைத் தாண்டியதும் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். ஆறியதும் லிக்னின் புதிய நிலையில் உறைந்துவிடும். ஒரு தண்டுக்கு ஏழெட்டுக் கணு இருந்தால் இத்தனையும் ஏழெட்டு முறை. தீய்ந்தால் அந்த இடம் பிறகு ஒடியும். இந்த வேலையை அவசரப்படுத்த வழியே இல்லை. மழைக்காலத்தில் ஈரம் குடித்து அம்பு மறுபடி லேசாகக் கோணும் என்பதால், எய்வதற்கு முன் கண்ணருகே பிடித்துப் பார்ப்பது வேட்டைக்காரரின் பழக்கம்.

தண்டின் மெல்லிய பக்கம் வாலாகும். நாண் பதியும் வெட்டை ஒரு கணுவுக்குச் சற்று மேலே போடுவார்கள். நாணின் அடி விழும்போது மூங்கில் நெடுக்காகப் பிளக்கப் பார்க்கும். குறுக்குச் சுவராக நிற்கும் கணு அந்தப் பிளவை அங்கேயே தடுத்துவிடும். பாதுகாப்புக்கு மானின் தசைநாணை நாராகக் கிழித்து, எச்சிலில் நனைத்துச் சுற்றுவார்கள். காயும்போது அது சுருங்கி இரும்புப் பூண் போல இறுகும். செரோக்கி அம்பில் இறகும் வேறுபட்டது. மூன்று அல்ல, வான்கோழி இறகு இரண்டுதான். இரு முனைகளையும் தசைநாணால் கட்டும்போது கொடுக்கும் சிறு முறுக்கு, பறக்கும் அம்பைச் சுழல வைக்கும்.

இனி கனம். வில்வேட்டை உலகில் அம்பை எடைபோடும் அலகு கிரெயின். ஒரு காலத்தில் தானிய மணியைக் கொண்டு அளந்த அளவு அது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவு. நம் பொற்கொல்லர்கள் எடைபோட்ட குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. இலக்குப் பலகையில் எய்யும் லேசான அம்புகள் 300 முதல் 400 கிரெயின் இருக்கும். பழைய பாணி மர வில்லோடு பெரிய விலங்குகளைத் தேடிப் போகிறவர்கள் 600, 700 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். ஆப்பிரிக்க வேட்டைக் களங்களில் நீண்ட காலம் அம்பின் ஊடுருவலைச் சோதித்த எட் ஆஷ்பி என்ற அமெரிக்கர், கனத்த எலும்பைத் துளைத்துச் செல்ல 650 கிரெயின், அதாவது 42 கிராம், தேவை என்று எழுதினார். இன்று கன அம்பு செய்பவர்கள் எல்லோரும் வாதாடும் எண் அது.

கனம் எதற்கு என்பதை மாங்காய் அடித்த கை அறியும். பட்டாணி அளவு கல்லை எடுத்து முழு வேகத்தில் வீசினால் கல் எங்கோ போகும், தோள் விண்ணென்று வலிக்கும். கையில் எதுவுமே இல்லாமல் வீசினால் வலி இன்னும் அதிகம். கைக்குப் பொருந்திய எடையில் ஒரு கல்லை வீசினால்தான் கையின் பலமெல்லாம் கல்லுக்குள் இறங்கியது தெரியும், தோளும் வலிக்காது. வில்லும் அப்படித்தான். இழுத்த வில்லில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போவதில்லை. வில்லின் கைகளும் நாணும் தாங்களே முன்னோக்கி ஓட வேண்டும், அதற்கும் ஒரு பங்கு செலவாகிறது. அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டால் ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி, வில் உடைந்துபோகக்கூடும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வில்லில் 55 ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கிறது, வில்லின் கைகளும் நாணும் சேர்ந்து 10 கிராம் கூடுதல் பாரம் போல நடந்துகொள்கின்றன என்று வைப்போம். 25 கிராம் அம்பை எய்தால் அதற்கு 39 ஜூல் கிடைக்கும், வேகம் வினாடிக்கு 56 மீட்டர். 45 கிராம் அம்பை எய்தால் 45 ஜூல் கிடைக்கும், வேகம் 45 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கனத்த அம்பு ஐந்தில் ஒரு பங்கு மெதுவாகத்தான் போகிறது. ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம் நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. அதே வில், அதே கை.

உந்தம் ஏன் முக்கியம்? துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தின் அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு அப்படிக் கொல்வதில்லை. அறுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். எவ்வளவு ஆழம் போகிறது என்பதே கேள்வி. எதிர்ப்பு விசை மாறாமல் இருக்கும் இடத்தில் ஆழத்தைத் தீர்மானிப்பது இயக்க ஆற்றல். அந்தக் கணக்கில் நம் கன அம்புக்கு லாபம் 15 சதவீதம். ஈரமும் குழைவுமான உடல் அப்படிப்பட்ட இடம் மட்டுமல்ல. அங்கே வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடுகிறது. வேகத்துக்கு நேர்விகிதத்தில் எதிர்ப்பு கூடும் ஊடகத்தில் ஆழம் உந்தத்தைப் பொறுத்தது. விரைந்து வருவது விரைவாகவே தடுக்கப்படுகிறது, நிறுத்தக் கடினமானது உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. எப்படிக் கணக்கிட்டாலும் கனத்தின் பக்கமே தராசு சாய்கிறது. வேகத்தால் வரும் லாபத்தை வேகமே தின்றுவிடும், எடையால் வந்த லாபம் அம்போடு கூடவே போகும்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியிருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பருவம் குறித்து, உரிமம் கொடுத்து, வில்லால் மான் வேட்டையாட விடுகின்றன. அங்கே இந்த ஆழத்துக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. பாதியில் நின்றுபோன அம்போடு ஓடும் மான் எங்கோ புதரில் கிடந்து நாள்கணக்கில் சாகும். நெஞ்சறையை ஊடுருவி மறுபுறம் வெளிவந்த அம்பு, பெரும்பாலும் சில நொடிகளில் முடித்துவிடும். கனத்தைப் பற்றிய இத்தனை வாதமும் அந்த உயிரின் வலியைப் பற்றியது என்றே நான் புரிந்துகொள்கிறேன். எடைபோடும் தட்டில் கிரெயின் கிரெயினாகக் கூட்டிப் பார்க்கும் வேட்டைக்காரர் மேல் எனக்கு மதிப்பு வருவதும் அதனால்தான்.

கனத்துக்கு இன்னொரு பயன் உண்டு, பலருக்கும் தோன்றாதது. நம் கணக்கில் லேசான அம்பு போன பிறகு வில்லில் 16 ஜூல் மிஞ்சுகிறது. அது அதிர்வாகவும் ‘டங்’ என்ற ஓசையாகவும் வெளியேறுகிறது. கன அம்பில் மிஞ்சுவது 10 ஜூல்தான். இருபது மீட்டர் தூரத்தில் நிற்கும் மானின் காதுக்கு அந்த ஓசை ஒரு வினாடியின் பதினேழில் ஒரு பங்கில் போய்ச் சேரும். லேசான அம்பு போய்ச் சேர மூன்றில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் ஆகும். ஒலியை முந்தும் மர வில் கிடையாது. ஓசை கேட்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கித் தாழும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். ஓசையை முந்த முடியாதபோது அதைக் குறைப்பதுதான் வழி.

கனத்துக்கு விலையும் உண்டு. இருபது மீட்டரில் லேசான அம்பு 62 சென்டிமீட்டர் தாழ்ந்தால், கன அம்பு 98 சென்டிமீட்டர் தாழும். தூரத்தை ஐந்தாறு அடி தவறாக மதிப்பிட்டாலே குறி தப்பும். ஆகவே கன அம்புக்காரர் பதுங்கி, காற்று பார்த்து, பதினைந்து மீட்டருக்குள் நெருங்கித்தான் தீர வேண்டும்.

சரி, உள்ளீடற்ற தண்டில் இந்தக் கனத்தை எங்கே வைப்பது? நல்ல தடித்த சுவர் கொண்ட ரிவர் கேன் தண்டு 24 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூங்கிலின் ஓட்டை இங்கேதான் வரமாகிறது. முன்பக்கத் துளைக்குள் ஹிக்கரி, டாக்வுட் போன்ற கெட்டி மரத்தில் சீவிய ஒரு சாண் நீளக் குச்சியைச் செருகி, பிசினோ தோல்வச்சிரமோ இட்டு, வெளியே தசைநாணால் இறுக்கிக் கட்டுவார்கள். ‘முன்தண்டு’ என்று சொல்லலாம். அது 6 கிராம். அதன் நுனியில் முனை. பழைய காலத்தில் தீக்கல், மான் கொம்பின் நுனி, சேவல் வான்கோழியின் கால்முள், கார் என்னும் நீள்மூக்கு ஆற்றுமீனின் கெட்டிச் செதில். இன்று 200 கிரெயின் எஃகு முனை, 13 கிராம். இறகும் கட்டும் சேர்த்தால் 45-ஐ எட்டிவிடலாம். எடை ஏறியதெல்லாம் முன்பக்கம் என்பதைக் கவனியுங்கள். முன்பாரம் உள்ள அம்பில் தலை இழுக்க வால் பின்னால் வருகிறது. தடையில் மோதும் கணத்தில், பின்னாலிருந்து தள்ளும் எடை குறைவாக இருப்பதால் தண்டு நெளிவதும் ஒடிவதும் குறைகிறது. ஒடிந்தாலும் முன்தண்டுதான் ஒடியும். வாரக்கணக்கில் காயவைத்து நிமிர்த்திய மூங்கில் தப்பிக்கும், துளைக்குள் வேறு குச்சி செருகிக்கொள்ளலாம்.

ஆனால் முன்னால் ஏற்றிய ஒவ்வொரு கிராமும் தண்டை வேறு விதத்தில் சோதிக்கும். நாண் விடுபட்டதும் பின்னாலிருந்து தள்ளல், முன்னால் நகர மறுக்கும் பாரம். இரண்டுக்கும் நடுவில் தண்டு வில்லாக வளைகிறது. மர வில்லில் அம்பு கைப்பிடியின் பக்கவாட்டில் கிடக்கிறது, ஆகவே அது பாம்பு போல நெளிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டுதான் நேரே போக முடியும். கண்ணுக்குத் தெரியாத இந்த நெளிவை 1930-களில் அதிவேகப் படக்கருவியால் பிடித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் கிளாரன்ஸ் ஹிக்மன். பெல் ஆய்வகத்து இயற்பியலாளர், இளவயதில் ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடர்டோடு வேலை செய்தவர். விறைப்பு அதிகமான அம்பு நெளியாமல் கைப்பிடியில் தட்டி விலகும். துவளும் அம்பு அளவுக்கு மீறி நெளிந்து தடுமாறும். முனையின் எடையைக் கூட்டினால் துவளல் கூடும், ஆகவே கன முனைக்கு விறைத்த தண்டு வேண்டும். விறைப்பு குறுக்களவின் நான்காம் அடுக்கில் ஏறுவது. பருமன் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். சுண்டுவிரல் பருமன் என்று கண்ணால் பார்த்து வெட்டியவர் உண்மையில் இந்த நான்காம் அடுக்கைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

சரிபார்க்கும் முறை எளிது. இறகு கட்டாத அம்பை வைக்கோல் கட்டில் எய்து பார்ப்பது. வலக்கைக்காரர் எய்த அம்பு இடப்பக்கம் ஒதுங்கிக் குத்தினால் விறைப்பு அதிகம், இன்னும் கனத்த முனை போடலாம். வலப்பக்கம் போனால் துவளல் அதிகம், முன்பக்கத்தில் ஒரு விரற்கடை நறுக்கிவிட்டு மறுபடி எய்ய வேண்டும்.

ரிவர் கேன் கிடைக்காதவர்கள் சீனத்தின் டோங்கின் மூங்கிலுக்குப் போகிறார்கள். தூண்டில் கழிக்குப் பேர்போன அந்த மூங்கிலுக்கு 1931-இல் தாவரவியலாளர் எஃப். ஏ. மெக்ளூர் வைத்த சிறப்புப் பெயர் ‘அமாபிலிஸ்’, அன்புக்குரியது என்று பொருள். தோட்டக் கடைகளில் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாகக் கட்டுக் கட்டாக வரும் மூங்கிலைக் கிளறி, நூற்றுக்கு நான்கைந்து நேரானதைப் பொறுக்குபவர்களும் இருக்கிறார்கள்.

ரிவர் கேன் கிடைக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. 1770-களில் அமெரிக்கத் தென்கிழக்கில் சுற்றிய இயற்கையியலாளர் வில்லியம் பார்ட்ரம் கண் எட்டும் தூரம்வரை விரிந்த மூங்கில் காடுகளைக் கண்டு எழுதினார். பழங்குடிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தீயிட்டு அதைப் புதுப்பித்துவந்தார்கள். குடியேறிகள் வந்த பிறகு மாடு இலையைத் தின்றது, பன்றி கிழங்கைக் கிளறியது, வளமான அந்த வண்டலையே பருத்திக்கும் சோளத்துக்கும் உழுதார்கள். மிஞ்சியது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்கிறார்கள் சூழலியலாளர்கள். அந்தப் புதர்களை நம்பியிருந்ததாகக் கருதப்படும் பாக்மன் வார்ப்ளர் என்ற சிறு பறவை அழிந்துவிட்டதாக 2023-இல் அமெரிக்க அரசு அறிவித்தது.

வட கரோலினாவின் செரோக்கி மக்கள் இப்போது ஆற்றோரங்களில் ரிவர் கேனை மீண்டும் நடுகிறார்கள். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்பதால் விதையை நம்ப முடியாது. மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டை வெட்டித்தான் நட வேண்டும். நட்ட முதல் ஆண்டில் எழும்புவது ஈர்க்குச்சி பருமன். ஒருமுறை எழுந்த தண்டு பருக்காது, ஆனால் கிழங்கு பரவ அடுத்த ஆண்டு வருவது சற்றுப் பருமனாக வரும், அதற்கடுத்தது இன்னும் சற்று. சுண்டுவிரல் அளவு தண்டு ஒன்று எழுவதற்குள் பல குளிர்காலங்கள் போய்விடும். எழுந்த பின்னும் அது முற்ற இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்துதான் கத்தியை வைக்க வேண்டும்.